அடுக்களைக் கழிவும் அகத்தின் தூய்மையும்

தூய்மையை விரும்பாத இல்லம் இல்லை. ஆயினும் அத்தூய்மையை எதனால் பெறுகிறோம் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. தரைக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று எனக் கடையிலிருந்து குப்பிகள் முன்வாசல் வழியே வருகின்றன. அவற்றின் வேலையில் ஒரு பகுதியையேனும் செய்யவல்ல பொருள்கள் பின்வாசல் வழியே குப்பைக்குப் போகின்றன. இம்முரண்பாட்டைக் குறித்து நம் கருத்தை இங்கே முன்வைக்க விழைகிறோம்.

நம் பாட்டியர் காலத்தில் ரசத்துக்குக் கரைத்த புளியின் சக்கையை எவரும் வீணே எறிந்ததில்லை. செப்புக் குடமும் பித்தளை அண்டாவும் அதனாலேயே பளபளத்தன. அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கின. முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூடு தேய்ப்பதற்கு உதவிற்று.

இவை அறியாமையின் பழக்கங்கள் அல்ல. புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமும் செம்பின்மேற் படிந்த களிம்பைக் கரைக்கின்றன. விறகுச் சாம்பலிலுள்ள பொட்டாசியம் கார்பனேட் காரத்தன்மை உடையது. அது பாத்திரத்தில் ஒட்டிய கொழுப்பில் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடுகிறது. வேதியியல் என்னும் சொல்லைக் கேட்டிராத கைகள் நாள்தோறும் வேதியியலை நிகழ்த்திக்கொண்டிருந்தன!

விறகடுப்பு மறைந்த வீடுகளில் இன்று சாம்பலுக்கு வழியில்லை. எனினும் எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோல்களுக்குக் குறைவில்லை. வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு என நெகிழிக் கலத்தில் இட்டு, மேலே சற்று இடம் விட்டு மூடி, மூன்று திங்கள் புளிக்கவிட வேண்டும். முதல் மாதத்தில் நாள்தோறும் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்றுதல் இன்றியமையாதது. இறுக மூடிய கண்ணாடிக் குப்பி வெடித்துவிடக்கூடும். பின்னர் வடித்தெடுக்கும் புளிப்பு நீரைத் தண்ணீரில் கலந்து தரை துடைக்கலாம். எஞ்சிய சக்கை எருக்குழிக்கு ஆகும்.

ஆயினும், இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றது எனக் கொள்வது பெரும்பிழை. புளிப்பு நீர் சலவைக்கல் தரையை அரிக்கும். சாம்பலின் காரம் அலுமினியப் பாத்திரத்தைக் கெடுக்கும். எலுமிச்சைச் சாற்றையோ வேறெந்தப் புளிப்பையோ பிளீச்சிங் பவுடருடன் ஒருபோதும் கலக்கலாகாது; நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு எழும். தொற்றுநோயாளர் தங்கிய அறைக்கு மருத்துவர் கூறும் கிருமிநாசினியே ஏற்றது. அங்கே தோல் ஊறிய நீரை நம்புதல் தகாது.

மற்றொன்றையும் நாம் மறைக்காமல் கூற வேண்டும். அன்றைய பளபளப்புக்கு விலை கொடுத்தவர்கள் பெண்கள். குனிந்த முதுகும் வெடித்த விரல்களும் அப்பாத்திரங்களின் ஒளியில் மறைந்து கிடந்தன. கடைக் குப்பி அவர்களுடைய உழைப்பில் ஒரு பங்கைக் குறைத்தது என்பதை மறுப்பது நன்றி மறப்பதாகும். ஆதலால், பழமைக்குத் திரும்புவோம் என மேடையில் முழங்கிவிட்டு, தேய்க்கும் வேலையை மட்டும் தாயிடமும் தமக்கையிடமும் விட்டுவிடுதல் அறமாகாது. தோலைச் சேர்ப்பவரும் கலத்தைத் திறப்பவரும் தரையைத் துடைப்பவரும் வீட்டின் ஆடவராகவும் இருத்தல் வேண்டும். இதற்கு உடன்படாதவர் இயற்கையைப் பற்றிப் பேசாதிருப்பதே நன்று.

2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பையைப் பிரித்துத் தரும்படி ஒவ்வொரு இல்லத்துக்கும் கடமை விதித்தன. பிரிப்பதற்கு முன்பே பயன்கொள்வது அதனினும் மேலானது. கல்லூரி விடுதிகளின் சமையற்கூடங்களில் சேரும் பழத்தோல்களை மாணவர்களே திரட்டி, வேதியியல் துறையினர் அதன் புளிப்பை அளந்து பார்த்து, விடுதித் தரையை மாணவர்களே துடைக்கும் முறை ஒன்றைத் தொடங்கலாம் என்பது நம் பரிந்துரை.

தமிழ் பயில்வோர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. புளிச்சக்கை, பீர்க்கங்கூடு, களிம்பு, கழுநீர் ஆகிய சொற்கள், அப்பொருள்களின் பயன்பாடு அருகும்போது தாமும் அருகுகின்றன. வீட்டு முதியோரை அணுகி அச்சொற்களையும் செய்முறைகளையும் கேட்டெழுதுங்கள். கேட்டு எழுதிய கையே துடைப்பத்தையும் எடுக்குமாயின், நம் இல்லமும் ஒளிபெறும், உள்ளமும் ஒளிபெறும்.