தார்ப்பாயைக் கிழிப்பது மழையல்ல

கேள்வி: கொப்பரைக் களத்தை மூட வாங்கிய பிளாஸ்டிக் தார்ப்பாய் ஒரே வருடத்தில் நைந்து கிழிகிறது. என்ன காரணம்?
– வாசகர், காங்கேயம்

பதில்: வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்தான் காரணம். அது பிளாஸ்டிக் இழையின் வலுவைக் கெடுக்கிறது. நைலான் கூடாரத் துணிக்கும் இதே கதிதான். பாய்க்கு வேலை இரவில், சேதம் பகலில். காலையில் எடுத்த பாயைக் களத்தோரம் சுருட்டிப் போடாதீர்கள். ஈரம் உலர்ந்ததும் மடித்து நிழலில் வையுங்கள். வாங்கும்போது புற ஊதாக் கதிரைத் தாங்கும் பாயா, ஐ.எஸ். 7903 தரக்குறி உண்டா என்று பாருங்கள். மடிக்கையில் வெடிப்பு விட்டாலோ, கையில் பொடி ஒட்டினாலோ உடனே மாற்றுங்கள். திடீர் மழையில் ஒழுகினால் கொப்பரையில் பூஞ்சணம் பிடிக்கும். புதுப்பாய் விலையைவிட நட்டம் அதிகமாகிவிடும்.