ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால்...

என் அண்ணன் மகனுக்கு வயது 22. ஆட்டிசம் உள்ள பிள்ளை. கம்பம் பக்கம் அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம். மும்முனைக் கரண்ட் வரும் நேரம் பம்புசெட் அருகே நின்று மோட்டார் சத்தம் கேட்பது அவனுக்கு அத்தனை ஆனந்தம். சினிமாப் பாட்டுகூட வேண்டாம்! பக்கத்துத் தோட்டத்து மோட்டார் திருடு போனபோது, "அந்தப் பையன்தான் தினம் அங்கே நிற்பான்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

விசாரிக்க ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். (எந்த ஊர் ஸ்டேஷன் என்பது இங்கே வேண்டாம்.) வயர்லெஸ் கரகரப்பு, புது முகங்கள். "நீ எடுத்தியா?" என்று கேட்டால் இவனும் "நீ எடுத்தியா?" என்கிறான். கேட்டதைத் திருப்பிச் சொல்லித்தான் மனசில் வாங்குவான். அவர்களுக்கோ நக்கல் பண்ணுவதாகப் பட்டது. முகம் பார்க்காமல் தரையைப் பார்த்ததில் சந்தேகம் இன்னும் கூடிற்று. குரல் உயர்ந்ததும் காதைப் பொத்திக்கொண்டு "ஆமா, ஆமா" என்றுவிட்டான். வீட்டுக்குப் போனால் போதும் என்கிற "ஆமா" அது. மதினிக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் உத்தமபாளையத்தில் தெரிந்த வக்கீலம்மாவிடம் ஓடினோம். "சாட்சி கேட்கத்தானே கூப்பிட்டாங்க? ஏன் அனுப்பினீங்க?" என்றார். சகோதரிகளே, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவுப்படி, விவரம் தெரிந்தவர் என்று விசாரிக்கும்போது மாற்றுத்திறனாளிகளையும் பெண்களையும் அவரவர் இருப்பிடத்தில்தான் விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வரக் கட்டாயப்படுத்தக் கூடாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது. அடையாள அட்டை நகலைக் கையோடு காட்டுங்கள். கைது என்று வந்தால் அது வேறு சங்கதி. உடனே வக்கீல் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே கிடைக்கும்.

சின்னப் பிள்ளைகள் விஷயமா? போக்சோ வழக்கில் குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் அதிகாரி காக்கி உடுப்பில் வரக் கூடாது. தேவைப்பட்டால் சிறப்பு ஆசிரியரையும் உடன் வைத்துக்கொள்ளலாம்.

மறு விசாரணை வீட்டிலேயே நடந்தது. அதற்கு முந்தின நாள் மதினி ஒரு நோட்டில் படம் போட்டு எழுதினாள்: எத்தனை பேர் வருவாங்க, எங்கே உட்காருவாங்க, 11 மணிக்குப் போயிடுவாங்க என்று. 'தெரியாது' என்று சொல்லவும் பழக்கினோம். "நேத்து அத்தை என்ன சாப்பிட்டேன்?" என்றால் முதலில் ஏதோ ஊகித்துச் சொன்னான், அப்புறம் "தெரியாது" வந்தது. திருட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்தால் அதையேதான் ஒப்பிப்பான்.

இந்தத் தடவை வந்தவர் பொறுமைசாலி. "அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்றார். பிள்ளை காலையில் தின்ற இட்லியிலிருந்து ஆரம்பித்தான்! பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். "கரண்ட் வந்ததும் என்ன சத்தம் கேட்டுச்சு?" "எங்க மோட்டார் மட்டும். அவங்க மோட்டார் சத்தம் வரலே." இவன் போகும் முன்பே மோட்டார் அங்கே இல்லை!

எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்கவில்லை. போலீசிடம் சொல்வதில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதும் சட்டம்தானாம். மதினி காபி கொண்டு வந்தாள். பிள்ளை கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மணி பதினொண்ணு. நீங்க போகணும்."

அவர் சிரித்துக்கொண்டே தொப்பியை எடுத்துக்கொண்டார்.