உதைக்கிறவனும் ஆட்டக்காரன்தான்!



போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வகுப்பில் ஒரே வாக்குவாதம். அண்ணன் போட்டுக் காட்டின அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தேன். உடனே ஒரு நண்பன், "அதுல உதைக்கிறதுக்குன்னே ஒருத்தன் இருக்கானாமே! ஓட மாட்டான், முட்ட மாட்டான். ஒரு உதை விட்டுட்டு வந்து உக்காந்துக்குவான். அவனெல்லாம் ஒரு ஆட்டக்காரனா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் ஆட்டத்தின் விதி. மைதானம் 100 கெஜம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடியும் நான்கு. முன்னேறாவிட்டால் பந்து நின்ற இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் 3 புள்ளி.

இப்ப ஒரு கணக்கு போடுவோமா? நம்ம அணி நம்ம எல்லையிலிருந்து 20வது கெஜத்தில் மாட்டிக்கிட்டிருக்கு. மூன்று வாய்ப்பு போச்சு. நாலாவதையும் ஓடிப் பார்த்துத் தோற்றால் பந்து அங்கேயே எதிரணிக்கு. கம்பம் கோட்டுக்குப் பின்னால் 10 கெஜம், உதைக்கும் இடம் இன்னும் 7 கெஜம் பின்னால். மொத்தம் 37 கெஜ உதை. நல்ல உதைக்காரருக்கு அது பெரிய தூரமே இல்லை. அதற்குப் பதிலாக 'பன்ட்' செய்து 45 கெஜம் தள்ளிவிட்டால், எதிரணி 65 கெஜம் கடந்து வரணும். பந்தைக் கொடுத்தோம், சரி. 45 கெஜ நிலத்தை வாங்கிக்கிட்டுத்தானே கொடுத்தோம்? வெறும் தூரமும் போதாது. நம்ம ஆட்கள் ஓடிப்போய்ச் சேரும்வரை பந்து வானத்தில் நிற்கணும். இதில் கெட்டிக்காரரான ரே கையை 1973இல் ரெய்டர்ஸ் அணி முதல் சுற்றிலேயே எடுத்தது. ஆனால் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2014இல்தான். பன்ட் மட்டுமே செய்த ஒருவருக்கு அந்தப் பெருமை கிடைத்தது அதுதான் முதல் தடவை!

உதை ஒரு தந்திரமும்கூட. 2010 சூப்பர் பௌலில் செயின்ட்ஸ் அணி பாதி ஆட்டத்தில் 6-10 என்று பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியின் முதல் உதை. எல்லாரும் தூரமாகப் போகும் என்று எதிர்பார்க்க, பந்தைக் கிட்டத்திலேயே உதைத்துத் தாங்களே பிடித்துக்கொண்டார்கள்! கடைசியில் 31-17 என்று வெற்றி. (2024லிருந்து விதி மாறிவிட்டது. இப்படி உதைப்பதானால் முன்கூட்டியே சொல்லிவிடணும்.)

2013 சூப்பர் பௌல் இன்னும் வேடிக்கை. ரேவன்ஸ் 34-29 என்று முன்னிலை, மீதி 12 வினாடி. பன்ட் செய்யவேண்டிய சாம் கோச் உதைக்கவே இல்லை. தன் எல்லைக்குள்ளேயே 8 வினாடி சுற்றிவிட்டு வெளியே போய்விட்டார். எதிரணிக்கு 2 புள்ளி. ஆனால் மீதி 4 வினாடிதான்! ரேவன்ஸ் 34-31 என்று ஜெயித்தது. இரண்டைக் கொடுத்துக் கோப்பையை வாங்கினார்கள்.

"நாலாவது வாய்ப்பில் உதைக்காம துணிஞ்சு ஓடணும்னு இப்ப கணக்குப் போடறவங்க சொல்றாங்களே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஒரே ஒரு கெஜம் பாக்கி, மைதானத்தின் நடுவில் நிற்கிறோம் என்றால் நானும் ஓடத்தான் சொல்வேன். பயந்து உதைப்பது வேறு, யோசித்து உதைப்பது வேறு. நான் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

கடைசியாக ஒன்று. 1991 சூப்பர் பௌலின் கடைசி வினாடிகளில் பஃபலோ அணியின் ஸ்காட் நார்வுட் உதைத்த 47 கெஜ உதை வலப்பக்கம் விலகிப்போனது. 19-20 என்று தோல்வி. இன்றைக்கும் பழி அவர் மேல்தான். ஆனால் 60 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடத்துக்கும் மேல் பந்தை எதிரணியிடம் விட்டுவைத்தது யார்? மொத்த அணியும்தானே! மறுநாள் ஊர் திரும்பியபோது பஃபலோ மக்கள் கூடி நின்று, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், திட்டுவதற்கு இல்லை, ஆறுதல் சொல்ல. அதைப் படித்தபோது என் கண் கலங்கிவிட்டது.

ஏன் என்று கேட்கிறீர்களா? போன மாதம் நம்ம பள்ளி கால்பந்துப் போட்டியில் கடைசி பெனால்டியை வெளியே அடித்தது நான்தான். முதல் பாதியில் விட்ட மூன்று கோலை யாருமே ஞாபகம் வைத்திருக்கவில்லை!

அடுத்த தடவை ஒருத்தன் உதைக்கப் போகும்போது சிரிக்காதீங்க நண்பர்களே. பதினோரு பேர் ஆடின ஆட்டத்தை அந்த ஒருத்தன் காலில் வைத்துவிட்டு நாம் வேடிக்கை பார்க்கிறோம்.

உங்கள் கருத்தையும் எழுதிக் கொடுங்கள். அடுத்த இதழில் ஒட்டுவோம்!

— ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு