இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று

பெருநாளைக்கு மறுநாள் மாலை, கடற்கரைக்குச் செல்லும் சாலையோரம் சற்று நேரம் நின்றால் இந்தக் காட்சி தவறாமல் கண்ணில் படும். ஓர் இருசக்கர வாகனம். பெட்ரோல் டேங்கின் மேல் மூன்று வயதுப் பிள்ளை. ஓட்டிச் செல்பவர் வாப்பா. பின்னிருக்கையில் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் பையையும் மறுகையில் புர்காவின் விளிம்பையும் பிடித்தபடி ஆறு மாதக் கர்ப்பிணியான உம்மா. வேகத்தடை வரும்போதெல்லாம் அவர் கண்களை மூடிக்கொள்கிறார். குடும்பத்தோடு வெளியே செல்கிறார்கள் என்று பார்க்கும் நமக்கு மகிழ்ச்சி. மகிழத்தான் வேண்டும். ஆனால் அந்த வண்டியில் செல்லும் நால்வரில் (வயிற்றில் இருப்பதையும் சேர்த்தே எண்ணுகிறோம்) யாருடைய வசதிக்கேற்ற வேகத்தில் அது செல்கிறது என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை.

இரண்டாவது பிள்ளையைச் சுமக்கும் பெண் விஷயத்தில் நம் குடும்பங்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. ஒன்று, வீட்டை விட்டு அசையவிடாமல் வைப்பது. "வயிற்றுப் பிள்ளைக்காரி மஃரிபுக்குப் பிறகு வாசலில் நிற்கக் கூடாது" என்பதில் தொடங்கி, அடுத்த தெருவில் இருக்கும் உம்மா வீட்டுக்குப் போவதற்குக்கூட மாமியாரிடமும் கணவரிடமும் தனித்தனியே அனுமதி வாங்குவது வரை அது நீளும். மற்றொன்று, நமக்குத் தேவையென்றால் எங்கும் அழைத்துச் செல்வது. சொந்தத்தில் கல்யாணம் என்றால் அவர் வந்தே தீர வேண்டும். மௌத்தான வீட்டுக்கு முகம் காட்டியாக வேண்டும். அப்போது மட்டும் மஃரிபும் நினைவுக்கு வருவதில்லை, மருத்துவர் சொன்னதும் நினைவுக்கு வருவதில்லை.

அந்தப் பத்து மாதத்தில் அவர் சென்று வந்த இடங்களை எண்ணிப் பார்த்தால் மருத்துவமனை, கல்யாண மண்டபம், துக்க வீடு என்று பட்டியல் முடிந்துவிடும். அவருக்காக, அவர் மனம் ஆறுவதற்காக, அவர் கையைப் பிடித்திருக்கும் மூத்த பிள்ளைக்காக நாம் புறப்பட்டுச் சென்ற இடம் எது?

மூத்த பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாய் மறுபடி சூல் கொண்டதும் பாலும் மடியும் பறிபோன பிள்ளை ஏங்கி மெலிவதைச் சவலை என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லில் பெரிய அனுபவ அறிவு இருக்கிறது. நேற்று வரை தூக்கிய கை இன்று தூக்க மறுக்கிறது. ஏன் என்று அப்பிள்ளைக்கு விளங்காது. தம்பியோ தங்கையோ வரப்போகிற செய்தியை நான்கு சுவர்களுக்குள் வைத்து எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது, கடலோரத்தில் உம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க வாப்பாவின் தோளில் ஏறி அலை பார்க்கும் ஒரு மாலையில் தானாக ஏறிவிடும். வாப்பாவின் தோளும் தனக்கு உரியதுதான் என்று பிள்ளை அறிய வேண்டிய காலம் இதுவே. இந்தச் சில மாதங்கள், அது ஒற்றைப் பிள்ளையாக இருக்கும் கடைசி மாதங்கள். ஆகவே வெளியே செல்ல வேண்டாம் என்பது நம் கருத்தல்ல. செல்ல வேண்டும் என்பதே நம் கருத்து. எப்படிச் செல்கிறோம் என்பதில்தான் நாம் தவறுகிறோம்.

நபி (ஸல்) அவர்களின் காலத்துப் பயணங்களை நாம் பெரும்பாலும் போர்களின் வரலாறாகவே படிக்கிறோம். அந்தப் பயணங்களில் பெண்கள் இருந்தார்கள், கர்ப்பிணிகளும் இருந்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி), பேறுகாலம் நிறைந்த வயிற்றோடு மக்காவிலிருந்து ஹிஜ்ரத் புறப்பட்டு, குபாவில் வந்து அப்துல்லாஹ் இப்னு ஸுபைரைப் பெற்றெடுத்தார் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. ஹிஜ்ரி 10இல் நபிகளாரின் இறுதி ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட கூட்டத்தில் அபூபக்ர் (ரலி) அவர்களின் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) நிறைமாதமாக இருந்தார். மதீனாவை விட்டுக் கிளம்பி துல்ஹுலைஃபாவுக்கு வந்ததுமே பிள்ளை பிறந்துவிட்டது. இனி நான் என்ன செய்வது என்று கேட்டனுப்பினார். திரும்பிப் போ என்று பதில் வரவில்லை. குளித்து, துணி கட்டிக்கொண்டு இஹ்ராம் அணிந்துகொள்ளும்படியே நபிகளார் சொல்லியனுப்பினார்கள். கர்ப்பிணி என்றாலே வாசலைத் தாண்டக் கூடாது என்பது மார்க்கத்திலிருந்து வந்ததல்ல என்பதற்கு இவ்விருவரும் போதும்.

இன்னும் கவனிக்கத்தக்கது, அப்பயணங்களின் வேகம். பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களைப் பாட்டுப் பாடி விரைவுபடுத்திய அன்ஜஷாவை அழைத்து, கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒப்பிட்டுப் பெண்களைச் சொல்லி, மெதுவாக ஓட்டச் செய்தார்கள் நபி (ஸல்) அவர்கள். கைபரிலிருந்து திரும்பும்போது ஸஃபிய்யா (ரலி) ஒட்டகத்தில் ஏறுவதற்காகத் தம் முழங்காலை மடக்கிப் படியாகக் கொடுத்தார்கள். மற்றொரு பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலை தொலைந்தது. அதைத் தேடுவதற்காக மொத்தப் படையும் தண்ணீரில்லாத இடத்தில் நின்றது. மக்கள் முணுமுணுத்தார்கள். பெற்ற தந்தையான அபூபக்ர் (ரலி) அவர்களே வந்து மகளைக் கடிந்தார்கள். நபிகளாரோ ஆயிஷாவின் மடியில் தலை வைத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாமதத்தில்தான் தயம்முமின் வசனம் இறங்கியது. ஒரு பெண்ணின் பொருட்டுப் பயணம் நின்றதில் உம்மத் முழுவதற்கும் ஒரு சலுகை கிடைத்தது. நாமோ சிறுநீர் கழிக்க வண்டியை நிறுத்தச் சொன்னால், "இன்னும் அரை மணி நேரம் பொறுத்துக்கொள், பெரிய ஹோட்டல் வரும்" என்கிறோம்.

இதை மற்றவர்களைப் பார்த்துச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் அப்படித்தான் சென்றோம். சென்னையிலிருந்து கீழக்கரைக்குக் காரில் 500 கிலோமீட்டருக்கும் மேலான வழி. வீட்டில் ஏழாம் மாதம், மூத்தவனுக்கு இரண்டரை வயது. லுஹருக்கு இன்ன ஊர், அஸருக்கு வீடு என்று ஆண்கள் கணக்குப் போட்டோம். கணக்குப்படியே சென்றோம். பிள்ளை இரண்டு முறை வாந்தி எடுத்தான்; துடைத்தவர் அவர்தான். லுஹருக்கு நெடுஞ்சாலையோரப் பள்ளிவாசல் ஒன்றில் நிறுத்தினோம். பெண்களுக்கு இடமில்லை என்றார்கள், உளூச் செய்யும் இடத்துக்கும் கழிவறைக்கும்கூட. நாங்கள் குளிர்ந்த கூடத்தில், மின்விசிறியின் கீழ் ஜமாஅத்தோடு தொழுது, துஆவும் நிதானமாகக் கேட்டு வெளியே வந்தோம். அவர் வெயிலில் நின்ற காரின் பின்னிருக்கையில், குடிநீர்ப் புட்டியால் உளூச் செய்து, உறங்கிப்போன பிள்ளையின் தலையை மடியிலிருந்து நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தபடியே தொழுதிருந்தார். வீட்டுக்குச் சென்று சேர்ந்தபோது செருப்பு கழலாத அளவுக்குக் கால்கள் வீங்கியிருந்தன. அன்று யாரும் அவரைக் கடிந்து பேசவில்லை, தொந்தரவு தரவில்லை. அவரைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டவை பெரிய ரகசியங்கள் அல்ல. முதலாவதாக, போகலாமா என்பதை மருத்துவரிடம் கேட்க வேண்டும், பெரியம்மாவிடம் அல்ல. உதிரப்போக்கு, இரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருத்தல் போன்றவை இருந்து மருத்துவர் வேண்டாமென்றால், அங்கே பேச்சு முடிந்தது. மச்சானின் கல்யாணமே ஆனாலும் சரி. தடையில்லை என்றால், மசக்கை அடங்கி வயிறு இன்னும் பெரிதாகாத நடுமாதங்களே ஏற்றவை. எவ்வளவு தூரமானாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சிறிது நடக்க வேண்டும். நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கால் நரம்பில் இரத்தம் கட்டும் அபாயம் கர்ப்பகாலத்தில் அதிகம். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். மேல்பட்டை மார்பின் நடுவே இறங்கி வயிற்றுக்குப் பக்கவாட்டில் செல்ல வேண்டும். பிள்ளையை மடியில் வைத்து இருவருக்குமாக ஒரே பட்டையைப் போடுவது இருவருக்கும் ஆபத்து.

ரயில்தான் இந்த நிலையில் நல்ல துணை. நடக்கலாம், படுக்கலாம், கழிவறை உண்டு. கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சீட்டு வேண்டாம் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்! சீட்டு இல்லையென்றால் படுக்கையும் இல்லை. இரவு முழுதும் அந்தக் குறுகிய பலகையில் வயிற்றுப் பிள்ளையோடும் வெளிப்பிள்ளையோடும் ஒருக்களித்துக் கிடப்பவர் யார்? விரும்பினால் கட்டணம் கட்டிப் பிள்ளைக்கும் படுக்கை பெறலாம். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல.

இருசக்கர வாகனத்தை விட்டால் வேறு வழியில்லாத குடும்பங்கள் நம்மில் ஏராளம். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் 4 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தலைக்கவசமும், ஓட்டுபவரோடு பிணைக்கும் வாரும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடப்பில் இருப்பதை அறிந்திருக்க வேண்டும். காற்றில் பறக்கும் புர்காவும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி நேர்ந்த விபத்துகளை நாம் கேள்விப்படாதவர்கள் அல்லர். பக்கத்தில் இருக்கும் பூங்காவுக்கு ஆட்டோவில் செல்வது, தூரத்துக் கடற்கரைக்கு வண்டியில் செல்வதைவிட நல்ல உல்லாசம்.

வளைகுடாவிலிருந்து பேறுகாலத்துக்காக ஊர் திரும்பும் சகோதரிகளின் நிலை தனி. கணவருக்கு விடுமுறை கிடைக்காது. கையில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக, இரண்டு பெட்டிகளோடு தனியே விமானம் ஏறுகிறார்கள். பல விமான நிறுவனங்கள் 28 வாரத்துக்குப் பிறகு மருத்துவரின் சான்று கேட்கின்றன. 36 வாரத்தைக் கடந்தால் பொதுவாக ஏற்றுவதில்லை. கடைசி நேரத்தில் பயணச்சீட்டு மலிவாகும் என்று காத்திருந்து, கவுண்டரில் திருப்பி அனுப்பப்படும் நிலைக்கு அவர்களைத் தள்ளக் கூடாது. பெட்டியின் எடையில் பாதி, ஊரில் இருப்பவர்களுக்கு வாங்கிய சாமான்கள். இந்த ஒரு பயணத்திலாவது அத்தரும் போர்வையும் வேண்டாம் என்று ஊரிலிருந்தே நாம் சொல்லியனுப்பினால் என்ன?

மார்க்கச் சலுகைகளை ஏற்பதில் நம் பெண்களுக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. கஸ்ர் செய்வதும், நிற்க முடியாதபோது உட்கார்ந்து தொழுவதும் குறைந்த பக்தி என்று எண்ணிக்கொள்கிறார்கள். பயணிக்குத் தொழுகையிலும், கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவருக்கும் நோன்பிலும் அல்லாஹ் தளர்த்தியதை நபி (ஸல்) அவர்கள் ஒரே பேச்சில் சேர்த்துச் சொன்னதாக அபூதாவூத், திர்மிதி ஆகியவற்றில் வருகிறது. பயணம் செல்லும் கர்ப்பிணி இரண்டு சலுகைகளுக்கும் உரியவர். லுஹர், அஸர், இஷா இரண்டு ரக்அத்துகளாகும். இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதில் கடலோர ஊர்களின் ஷாஃபிஈகளுக்கும் உள்நாட்டு ஹனஃபிகளுக்கும் சட்டம் வேறு. புறப்படும் முன்பே தத்தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொண்டால் நடுவழியில் குழப்பம் இராது.

பிள்ளையின் பொறுப்பைப் பொறுத்தவரை, பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழுகை நடத்திய நபியின் உம்மத் நாம். பயண நாளில் பிள்ளைக்கு ஊட்டுவதும் கழுவிவிடுவதும் உறங்க வைப்பதும் வாப்பாவின் வேலை என்று முன்கூட்டியே பேசி வைத்தால், பிள்ளையும் இரண்டொரு பயணத்தில் பழகிவிடும். "என்னிடம் இருக்க மாட்டேன் என்கிறான்" என்று சொல்லும் வாப்பாமார், அவனை எத்தனை நாள் வைத்திருந்து பார்த்தார்கள்?

எஞ்சியிருப்பது பள்ளிவாசல்கள். பெண்கள் பள்ளிக்கு வருவது பற்றிய பழைய விவாதத்தை இங்கே இழுக்கவில்லை. உள்ளூர்ப் பெண்ணுக்கு வீடு இருக்கிறது. பயணத்தில் இருக்கும் பெண்ணுக்கு அந்த நேரத்தில் வீடு எது? கூரையுள்ள ஓர் அறை, ஒரு குழாய், மேற்கத்தியக் கழிவறை ஒன்று, ஊன்றி எழ ஒரு நாற்காலி. மினாராவுக்கு வர்ணம் பூசும் செலவில் இது முடியும். சில ஊர்களில் ஜமாஅத்தார் இதைச் செய்தும் இருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. வேறு சில இடங்களில் அறை இருந்தும் பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்று தெரிவதில்லை. நெடுஞ்சாலையை ஒட்டிய பள்ளிகளின் நிர்வாகத்தாரிடம் நாம் கேட்பது இதுதான். அடுத்த பெருநாள் விடுமுறைக்கு முன், பயணப் பெண்களுக்குத் தொழுமிடம் உண்டு என்று சாலையிலிருந்து தெரியும்படி ஒரு பலகை வையுங்கள். அதன் கீழே சாவி வைத்திருப்பவரின் கைப்பேசி எண்ணையும் எழுதுங்கள்.