பகா எண்ணுக்குப் பரீட்சை

ரெட்டியார்சத்திரத்தில் நம்மிடம் படிக்கும் சிறுவன் ஒருவன், “ஸார், 1,001 பகா எண்தானே?” என்றான். 7, 11, 13 மூன்றும் அதை மீதியின்றி வகுப்பதைக் காட்டினோம். “நூறு இலக்கமுள்ள எண்ணானால்?” என்று மடக்கினான்.

ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் கணிப்பொறிக்கும் யுகங்கள் போதா. முன்பிருந்த விரைவு முறைகளிற் பல, நிரூபியாத ஊகத்தையோ தற்செயலையோ நம்பி நின்றன. எவ்வெண்ணையும் ஐயமறச் சோதிக்கும் முறையை 2002 ஆகஸ்டில் வெளியிட்டவர்கள், கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்ஸேனா என்ற மூவர். இலக்கம் பெருகினால் இதிலும் வேலை பெருகும். ஆயினும் கட்டுக்கடங்காமல் பெருகாது.

மூவரில் பின்னிருவர் அப்போதுதான் பட்டப்படிப்பு முடித்த வாலிபர்கள்! இனி நம் வகுப்பில் எந்தச் சிறுவனையும் ‘அதிகப்பிரசங்கி’ என்று அடக்கமாட்டோம்.