சிவப்பு விளக்கு

சென்ற சித்திரை மாதத்தில் மேலூர்ப் பக்கம் ஒரு கலியாணம். காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம். எங்கள் பழைய அம்பாஸடரில் குடும்பத்தோடு மதுரையிலிருந்து புறப்பட்டோம். யானைமலை கண்ணில் பட்டது. ஒத்தக்கடையில் கூட்டத்திற்காக வண்டியை மெதுவாக்கினேன். அந்தச் சமயம் பார்த்து, முன்பலகையில் ஒரு சிவப்பு விளக்கு கண் விழித்தது. எஞ்சினில் எண்ணெயின் அழுத்தம் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள்.

"அது கிடக்கட்டும், மாப்பிள்ளை! இன்னும் பன்னிரண்டு மைல்தானே? நீங்கள் வேகமாய் மிதித்தால் அணைந்துவிடுகிறதே!" என்றார் மாமனார்.

அணைந்தது வாஸ்தவந்தான். ஆனால் மறுபடியும் எரிந்தது. நான் வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டேன். எல்லோரும் பஸ் ஏறினோம். போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டியாகிவிட்டது. மாமனார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் செய்தது சரியா, தவறா? நேயர்களே தீர்ப்புச் சொல்லலாம்; அதற்கு முன் எஞ்சினுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிராங்க் ஷாப்ட் என்னும் இரும்புத் தண்டு நிமிஷத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்கிறது. அதைத் தாங்கும் பேரிங்கை அது தொடுவதே இல்லை. தலைமயிரைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நடுவே நின்று இரண்டையும் பிரித்து வைக்கிறது. அடியிலுள்ள தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, பில்ட்டர் வழியாக எல்லா இடங்களுக்கும் அழுத்தத்தோடு அனுப்புவது பம்பின் வேலை. அழுத்தம் போனால் படலமும் போகும். உலோகம் உலோகத்தோடு உராய்ந்து, சில நிமிஷங்களில் எஞ்சினே பிடித்துக்கொண்டாலும் ஆச்சரியமில்லை.

முதல் காரியம், எஞ்சினை அணைப்பது. பிறகு சமதளத்தில் பத்து நிமிஷம் பொறுத்து அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகிப் பார்க்க வேண்டும். எண்ணெய் கீழ்க் கோட்டுக்கும் தாழ்ந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு, எங்கே ஒழுகுகிறதென்று தேட வேண்டும். எங்கள் வண்டியில் எண்ணெய் சரியாகவே இருந்தது. அங்கேதான் சங்கடம் ஆரம்பமாயிற்று.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போன முதல் பட்டறையில், காதால் கேட்டதோடு சரி. "பேரிங் எல்லாம் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும், முப்பதாயிரம் ஆகும்" என்றார்கள். உபாத்தியாயர் சம்பளக்காரனுக்குத் தலை சுற்றியது. வேறொரு முதிய மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேஜை எடுத்தார்.

"விளக்கு பொய் சொன்னாலும் சொல்லும், ஸார். கேஜைக் கேட்போம்" என்று சொல்லி, விளக்குக்குச் சேதி அனுப்பும் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜை முடுக்கினார். சுவிட்சு மட்டும் பழுதாயிருந்தால் அதோடு விஷயம் முடிந்திருக்கும். இந்த எஞ்சினில், சூடேறி நின்றபடி ஓடும்போது சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டும், ஓட்டத்தில் 50 பவுண்டும் இருக்க வேண்டும். எங்கள் வண்டி காட்டியது ஐந்து. விளக்கு சத்தியமே சொல்லியிருக்கிறது!

அடுத்து எண்ணெயை விரலில் தேய்த்து முகர்ந்தார். பெட்ரோல் கலந்தால் எண்ணெய் நீர்த்துப்போகும், வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். இதில் அந்த வாசனை இல்லை. எண்ணெயையும் பில்ட்டரையும் மாற்றினார். முள் அசையவில்லை. பிறகுதான் எஞ்சினின் பக்கவாட்டில், பின்புறமாக உள்ள ஒரு குமிழ் மூடியைத் திறந்தார். அளவுக்கு மிஞ்சிய அழுத்தத்தைத் தொட்டிக்கே திருப்பி விடும் வால்வு அங்கே இருக்கிறது. அதன் இடுக்கில் மணல் போன்ற ஒரு துகள் சிக்கி, வால்வை மூட விடாமல் செய்துகொண்டிருந்தது.

வைகைப் பாசனக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைமடை திறந்து கிடந்தால் கடை வயலுக்குத் தண்ணீர் எப்படி வரும்? வால்வைத் துடைத்து மாட்டியதும் முள் பதினைந்தில் நின்றது. செலவு முப்பதாயிரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இதிலும் சரியாகவில்லையென்றால்? தொட்டியைக் கழற்றி உறிஞ்சு குழாயின் வலையில் கசடு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த படி, பிறகு பம்பின் தேய்மானம், கடைசியில்தான் பேரிங். பேரிங் தேய்வது வரப்பில் நண்டு வளை விழுந்ததைப் போல. எண்ணெய் வழியிலேயே கசிந்துவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அழுத்தம் நன்றாயிருந்து, சூடேறியதும் விழுந்து, அடியில் 'டொக் டொக்' என்ற சத்தமும் கேட்டால் அந்தச் சந்தேகம் வலுக்கும். கெட்டியான எண்ணெயை ஊற்றி முள்ளை ஏமாற்றுவது வைத்தியமல்ல. விளக்கின் கம்பியைத் துண்டிப்பதோ, சேதி கொண்டுவந்த தூதனின் நாவை அறுப்பதற்கு ஒப்பாகும்.

இந்தப் பொறுமை மதுரைக்குப் புதிதன்று. டி. வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் தொழில் தொடங்கிய ஊர் இது. இரண்டாவது மகாயுத்தத்தில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, வண்டிகளைக் கரிவாயுவில் ஓட்டும் சாதனத்தையும் அவர் தயாரித்தார். கரிவாயுவைச் சரியாக வடிகட்டாவிட்டால் சாம்பல் தூசு எண்ணெயில் கலந்து எஞ்சினை அரித்துவிடும். அத்தகைய வண்டியை ஓட்டுகிறவனுக்கு எண்ணெயின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அம்பாஸடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆனால் சொட்டு விழும் எண்ணெய்க் குவளையின் உருவத்தில் அந்தச் சிவப்பு விளக்கு இன்றைய கார்களிலும் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லையென்றால் அதுவும் பழுதுதான்.

போன வாரம் மாமனாரை அழகர்கோயிலுக்கு அழைத்துப் போனேன். முன் ஆசனத்தில் அமர்ந்தவர், சாவியைத் திருப்பியதும் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பலகையை உற்றுப் பார்த்தார்.

"எரிந்தது, அணைந்தது; இனிப் புறப்படலாம், மாப்பிள்ளை" என்றார்.