"நீ கோல்ல நில்லுடா!"

தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் பந்து விளையாடியவர்களுக்கு இந்த வாக்கியம் நன்றாகத் தெரியும். சம்பா அறுவடை முடிந்து, வைக்கோல் கட்டும் வண்டி ஏறிய பிறகு, உளுந்து தெளிக்காத வயல் ஒன்று எப்படியும் கிடைக்கும். இரண்டு பக்கமும் செருப்பை வைத்தால் கோல் போஸ்ட் ரெடி. வேகமாக ஓடுபவன் ஃபார்வர்டு. பந்து கொண்டுவந்தவன் கேப்டன். கடைசியில் மிச்சம் இருப்பவனிடம் சொல்வார்கள்: "நீ கோல்ல நில்லுடா!"

அவனும் நிற்பான். அறுத்த தாள் காலில் குத்தும். பந்து வரப்பைத் தாண்டி வாய்க்காலில் விழுந்தால், மேட்டூர் அணை மூடிய பிறகு கிடக்கும் சேற்றில் இறங்கி எடுத்து வருவதும் அவன் வேலைதான். பத்து பந்து பிடித்திருப்பான். வீட்டுக்குத் திரும்பும்போது கூட்டாளிகள் பேசுவது, அவன் விட்ட அந்த ஒரு பந்தைப் பற்றித்தான்.

அந்தப் பையனுக்காகத்தான் இந்த வாரம் பீட்டர் தங்கராஜ் கதை.

2024-ல் வந்த 'மைதான்' இந்திப் படம் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத்தில் உள்ளூர் கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்தவரை, 1953-ல் ராணுவம் சேர்த்துக்கொண்டது. போய்ச் சேர்ந்த இடம் நம் நீலகிரி. வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர்.

அவர் ஆரம்பத்தில் கோல்கீப்பரே இல்லை. கோல் அடிக்கும் சென்டர் ஃபார்வர்டு. பிறகுதான் கோல் போஸ்ட்டுக்கு மாறினார். நல்ல உயரம், நீண்ட கைகள். அந்த மாற்றம் அவர் வாழ்க்கையையே மாற்றியது. ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டியான டூரண்ட் கோப்பையை, மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955-லும் 1958-லும் வென்றது. பெரிய கல்கத்தா கிளப்புகள் ஆடும் போட்டியில், ஒரு ராணுவப் பயிற்சி மையம் கோப்பையைத் தூக்கியது!

1956 மெல்போர்ன், 1960 ரோம் என இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்திய அணியில் இருந்தார். கூடவே எஸ்.எஸ்.நாராயண் என்ற இன்னொரு கோல்கீப்பரும் இருந்தார். ஆள் இரண்டு, இடம் ஒன்று. ஃபார்வர்டுக்கு இடமில்லை என்றால் ஓரத்தில் ஆட விடலாம். கோல்கீப்பரை வேறு எங்கே நிறுத்துவது? பெஞ்சில் காத்திருக்க வேண்டியதுதான்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. தங்கராஜுக்குக் காய்ச்சல். தென் வியட்நாமுடன் நடந்த அரையிறுதியில் கோல் காத்தவர் பிரத்யுத் பர்மன். 3-2 என்று ஜெயித்து இந்தியா இறுதிப்போட்டிக்குப் போனது. அங்கே எதிரணி தென் கொரியா. முதல் சுற்றில் நம்மை 2-0 என்று தோற்கடித்த அதே அணி.

செப்டம்பர் 4. அரங்கம் முழுக்க நமக்கு எதிரான கூச்சல். பயிற்சியாளர் ரஹீம், காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த தங்கராஜை கோலில் நிறுத்தினார். தலையில் தையல் போட்டிருந்த டிஃபெண்டர் ஜர்னைல் சிங்கை முன்னால் ஆட விட்டார். பி.கே.பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். கடைசி நிமிடங்களில் கொரியா ஒன்று அடித்தது. அதற்கு மேல் விடவில்லை. 2-1. தங்கம் நமக்கு. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதற்குப் பிறகு இன்றுவரை தங்கம் வெல்லவில்லை.

இந்தக் கதையில் எனக்குத் தங்கராஜ் அளவுக்கு பர்மனையும் பிடிக்கும். அரையிறுதியைத் தாண்டிக் கொண்டுவந்துவிட்டு, இறுதிப்போட்டியில் ஒதுங்கி நிற்பது லேசுப்பட்ட காரியமா? தங்கம் வென்ற அணியின் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது. பலருக்கு அது தெரியாது.

தங்கராஜுக்கு 1967-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். பிறகு பயிற்சியாளராக இருந்தார். 2008 நவம்பரில் பொகாரோவில் காலமானார். அவருக்குத் திறமை இருந்தது, சரி. இளம் வயதில் சம்பளமும் மைதானமும் கொடுத்து, இடம் மாற்றிப் பார்க்கவும் ஒரு ராணுவ மையம் இருந்ததே, அதையும் சேர்த்துத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

நம் டெல்டா பையன்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் இருக்கின்றன. ராணுவத்திலும் ரயில்வேயிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை இருக்கிறது. எந்த அணியாக இருந்தாலும் குறைந்தது இரண்டு கோல்கீப்பர் வேண்டும். ஆனால், கோலில் நிற்பவனை முதலில் யாராவது கவனிக்க வேண்டுமே!

அடுத்த முறை வயலோரம் வண்டியை நிறுத்தி ஆட்டம் பார்த்தால், பந்து போகும் பக்கம் மட்டும் பார்க்காதீர்கள். செருப்புகளுக்கு நடுவே ஒருவன் நிற்பான். அவன் ஒரு பந்தைப் பிடித்தால், சத்தமாக ஒரு கைத்தட்டல் கொடுத்துவிட்டுப் போங்கள்.